நாற்பத்து நான்காவது கட்டம்

அந்தப் படத்தில் நாற்பத்து மூன்று கட்டங்கள் இருந்தன. நாற்பத்து நான்காவதை ஹில்மி தெரிந்தே கீறாமல் விட்டிருந்தான். விட்டது சித்திரை மாதத்தில். அது அவன் கழுத்தைப் பிடித்தது கார்த்திகைக் கடைசியில், களப்புத் தண்ணீர் தொழிற்சாலைக்குள் வந்து போன பிறகு.

ஹில்மிக்கு நாற்பத்தைந்து வயது. கரைத்தீவுப் பக்கம் களப்போரத்தில் இருக்கும் நண்டுத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர். பிரிவு என்பது சம்பளச் சீட்டில் மட்டும்தான். ஆள் அவன் ஒருவனே. அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கினாலும் அவன், வாசல் கெமரா இருண்டாலும் அவன், மேலாளரின் மகளுடைய போனில் வட்ஸ்அப் ஓடாவிட்டாலும் அவன். பதின்மூன்று வருடமாக இப்படித்தான். பத்து வயதில், தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்களை வடக்கிலிருந்து துரத்தியபோது, உம்மா வாப்பாவோடும் மூத்த சகோதரன் முபாரிஸோடும் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கியவன். அந்தக் கதையை அவனாக யாருக்கும் சொல்வதில்லை. கேட்கிறவர்களும் இப்போது குறைவு.

தொழிற்சாலையின் வேலையைச் சொல்வதென்றால் சுருக்கம். அறுபத்தொரு படகுகளிலிருந்து நண்டு வருகிறது. அவித்து, இருநூறு பெண்கள் சதை எடுத்து, டின்னில் அடைத்து, குளிரறையில் வைத்து, கிழமைக்கு ஒரு லொறியில் கொழும்புத் துறைமுகத்துக்குப் போகிறது. வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: எந்த டின்னைத் தூக்கினாலும் அதில் இருப்பது எந்தெந்தப் படகின் நண்டு என்று லேபலில் பதிவெண் இருக்கவேண்டும். எண் இல்லாத டின்னை அவன் தொடமாட்டான். சான்றிதழ் கொடுக்கும் கந்தோரும் விடாது.

சித்திரையில் கொழும்புத் தலைமையகத்திலிருந்து அன்ரனிப்பிள்ளை என்ற ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது, சிலாபத்துக்காரர், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும். தொழிற்சாலை முழுக்க நடந்து, எதைக் கண்டாலும் ஒரு கட்டம் கீறி, கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புக்குறி போட்டார். இரண்டாம் நாளே சதை எடுக்கும் பெண்கள் அவருக்குக் ‘கட்டக்காரர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

தன் வேலையை அவர் ஹில்மிக்குச் சொன்ன விதம் அவனுக்குப் பிடித்திருந்தது.

“மிஸ்டர் ஹில்மி, ஒரு வீடு எரியுது எண்டு வையுங்க. எதை முதல்ல வெளிய எடுக்கிறது எண்டு ஒருத்தர் கொப்பியில எழுதி வச்சிருக்கார். வீட்டுக்குள்ள என்னென்ன இருக்கு, எதில எது சாஞ்சு நிக்குது எண்டு இன்னொருத்தர் படம் கீறி வச்சிருக்கார். ரெண்டு பேரும் ஒரு நாளும் சந்திச்சதில்ல. என்ட வேலை அந்த ரெண்டு பேரையும் ஒரு மேசையில இருத்துறது.”

கணினிகள் விழுந்தால் எதை முதலில் எழுப்புவது என்று சொல்லும் பழைய மீட்புத் திட்டத்தில் முதலாவது தலைமையகத்தின் மின்னஞ்சல் என்று இருந்தது. லேபல் அடிக்கும் அமைப்பு ஐந்தாவது இடத்தில். படத்தைக் கீறிப் பார்த்தபோதுதான், சான்றிதழும் லொறியும் கப்பலும் லேபலில் சாய்ந்து நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்தாவது முதலாவதானது. தினமும் பிரதி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பவேண்டியவற்றின் பட்டியலும் படத்திலிருந்தே பிறந்தது. படத்தில் உள்ளது பட்டியலில் உண்டு. படத்தில் இல்லாதது இல்லை.

கடைசியாக நண்டு நிறுக்கும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே பதினெட்டு வருடமாகத் தராசடியில் இருப்பவர் சித்தி லெய்லா. ஹில்மிக்கு லெய்லாத்தா. முச்சக்கர வண்டியில் பெட்டி வந்திறங்கியதும், யாருடையது என்று ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டுவது அவர்தான். அவருடைய மேசையின் கீழே நிலத்தில் ஒரு பழைய கணினி.

“இதில என்ன இருக்கு?” என்றார் அன்ரனிப்பிள்ளை.

லெய்லாத்தா திரையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினார். ஹில்மி அதைப் பார்த்தான்.

“ஒண்டுமில்ல சேர்,” என்றான். “நிறுவைக்கு. தூக்கிப் போடுற சாமான்.”

அன்ரனிப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

அதில் இருந்தது ஒரேயொரு அட்டவணை. ஆனால் மற்ற நாற்பத்து மூன்று கட்டங்களும் அதில்தான் சாய்ந்து நின்றன. படகுக்காரர் அறுபத்தொரு பேரில் தாஹிர் என்ற பேருடையவர்கள் ஒன்பது. இஸ்ஹாக் ஐந்து. முபாரிஸ் இரண்டு. பதிவெண்ணை யாரும் மனதில் வைத்திருப்பதில்லை. அதனால் லெய்லாத்தா துண்டில் எழுதுவது, ஊர் அந்த மனிதரை முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் பேரை. ஒட்டகம். நாளைக்கி. லைட்டவுஸ். மௌத்தானவர். முகத்துக்கு முன்னால் எல்லோரும் நானா, மச்சான், ஹாஜியார்தான். மற்றப் பேரை ஒருவர் காதுபட இன்னொருவர் சொன்னால் அடிதடி. எந்தப் பேருக்கு எந்தப் பதிவெண் என்பது அந்த அட்டவணையில் இருந்தது. லேபல் அமைப்பு அங்கேயிருந்துதான் எண்ணை எடுத்தது.

இப்படியொரு பட்டியலைக் கொழும்பு ஆளுக்கும் வெளிநாட்டு ஆளுக்கும் காட்டுவதா என்ற வெட்கம் லெய்லாத்தாவுடையது. ஹில்மிக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. முப்பத்தெட்டாவது வரியில் அவனுடைய முபாரிஸ் நானாவின் படகு. அதில் நானாவுக்கு எழுதியிருந்த பேர் ‘அகதி’. அந்தக் கோப்பைத் திறப்பதையே அவன் முடிந்தவரை தவிர்த்து வந்தான். அதனால் அதற்கு ஒரு பிரதிகூட அவனிடம் இருக்கவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் வானம் வாய் மூடவில்லை. ஆறு ஒரு பக்கம், களப்பு ஒரு பக்கம். தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். குளிரறை உயர்ந்த மேடையில் இருந்ததாலும் மின்பிறப்பாக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியதாலும், மழைக்கு முந்திய நாலு நாள் நண்டுச் சதை தப்பியது. ஹில்மியின் வீட்டிலும் தண்ணீர். சனிக்கிழமை வடிந்தபோது நிலத்தில் ஒரு சாண் சேறு. மனைவி பஸீனா வாளியோடு நின்றாள்.

“போங்க. ஒங்கட கொம்பனி கூப்பிடுமே,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு காலை, தொழிற்சாலையின் மேல்மாடியில், இரண்டு மடிக்கணினிகளும் ஒரு புது இணைப்புமாக ஹில்மி உட்கார்ந்தான். கொழும்பிலிருந்த பிரதிகள் ஒவ்வொன்றாக இறங்கின. திட்டம் சொன்ன வரிசைப்படியே எல்லாம் எழுந்து நின்றது.

“நாலு மணித்தியாலம் பத்து நிமிஷம்,” என்றார் போனில் அன்ரனிப்பிள்ளை. அவருடைய குரலில் சிரிப்பு இருந்தது. “வேற இடத்தில நாலு நாள் எடுக்கும், மிஸ்டர் ஹில்மி. இப்ப ஒரு லேபல் அடிச்சுப் பாருங்க.”

அடித்தான். திகதி இருந்தது. நிறை இருந்தது. படகுப் பதிவெண் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அடுத்தது அடித்தான். அதுவும் வெள்ளை.

அவன் கீழே இறங்கிப் போனான். லெய்லாத்தாவின் மேசைக்குக் கீழே, பழைய கணினியின் வயிற்றிலிருந்து இன்னும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன நண்டு ஓடியது. லெய்லாத்தா பக்கத்தில் வந்து நின்றார்.

“எனக்கு எல்லாம் மனப்பாடம் மகன். நான் சொல்றேன், நீங்க அடிங்க.”

அதுவே போதும் என்றுதான் ஹில்மியும் நினைத்தான். ஆனால் திங்கள் காலை சான்றிதழ்க் கந்தோர் பதில் சொன்னது: மூலப் பதிவு அழிந்துவிட்டது என்றால் ஞாபகத்திலிருந்து எழுதியதை ஏற்க முடியாது. துண்டில் உள்ள பேர் தன்னுடையது, பதிவெண் இன்னது என்று ஒவ்வொரு படகுக்காரரும் எழுதி ஒப்பமிடவேண்டும். எல்லாச் சதையும் கலந்து டின்னில் அடைத்தாயிற்று. ஆகவே ஒருவர் குறைந்தாலும் நாலு நாள் சதையும் போகாது. லொறி புறப்படவேண்டியது செவ்வாய் பகல் பன்னிரண்டுக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பலுக்குள் சதை பழுதாகிவிடும். களப்பு மணலில் குழி வெட்டிப் புதைக்கவேண்டியதுதான்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். “நண்டுக் கொம்பனிக்கு நண்டு குடுத்த போட்காரர் எல்லாரும் படகுப் பதிவு அட்டையோட ஒடன கொம்பனிக்கு வரவும்.” வெள்ள நிவாரணம் கொடுக்கிறார்கள் என்று சனம் நினைத்துவிட்டது. அரிசிப் பையும் வாளியுமாக வந்தார்கள். விசயம் தெரிந்ததும் பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஹில்மி மேசையில் படிவங்களை அடுக்கினான். லெய்லாத்தா பக்கத்துக் கதிரையில். முதலாவதாக வந்தவர் தாஹிர், உயரமான மனிதர்.

“நானா, துண்டில ஒங்களுக்கு என்ன பேர் எழுதுறண்டு தெரியுமா?” ஹில்மி கேட்டான்.

“என்ட பேர் தாஹிர்.”

“ஒம்பது தாஹிர் இரிக்கி.”

“அப்ப அவங்களுக்கு என்ன எழுதுறீங்க?”

ஹில்மி லெய்லாத்தாவைப் பார்த்தான். லெய்லாத்தா கூரையைப் பார்த்தார். “எனக்கு ஏலாது. ஆம்புளைகளுட மூஞ்சிக்கி நேர நான் சொல்ல மாட்டேன்,” என்றார். “அவங்களுக்கே தெரியும். கேளுங்க.”

தாஹிர் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் குனிந்து, ஹில்மியின் காதுக்குள், “ஒட்டகம்,” என்றார்.

“எழுதி ஒப்பம் வைங்க நானா.”

“எழுதவும் வேணுமா?”

அவர் எழுதி ஒப்பம் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வரிசையில் யாரோ செருமினார்கள். “சிரிக்கிறவனுட பேர் எனக்கும் தெரியும்,” என்றார் தாஹிர். செருமல் நின்றது.

இஸ்ஹாக் வந்தார். ஒரு தடவை கடலில் மூன்று நாள் காணாமற்போய், இறந்தவருக்கான தொழுகையையும் ஊர் அவருக்காக நடத்தி முடித்தபிறகு, நாலாம் நாள் கண்டக்குழிக் கரையில் நடந்துவந்தவர். படிவத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“தம்பி, மௌத்தானவன் ஒப்பம் வெச்சா செல்லுபடியாகுமா?”

“ஒங்கட ஒப்பம் ஆகும் நானா.”

“எங்கட பொஞ்சாதி அப்பவே பென்சனுக்கு எழுதப் பாத்தவ. அவக்கிட்டச் சொல்லாதீங்க.”

‘நாளைக்கி’ என்ற பேருடையவர் பதிவு அட்டையை நாளை கொண்டுவருவதாகச் சொன்னார். வரிசையே ஒன்றுசேர்ந்து அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியது. ஹில்மி சிரிக்கவில்லை. சிரிக்க முகத்தில் தெம்பு இல்லை. ஒவ்வொரு மனிதரும் தன்னைப் பற்றித் தெரியாதது போல வைத்திருந்ததைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதை அவன் அந்திவரை பார்த்துக்கொண்டிருந்தான். அட்டைகள் சில ஈரத்தில் ஊறி மை கலைந்திருந்தன. அட்டையை வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் படிக்கவேண்டியிருந்தது.

மஃரிப் தொழுகைக்கு முன் அறுபது படிவம் சேர்ந்துவிட்டது. ஒன்று இல்லை. எது என்று எண்ணிப் பார்க்க அவனுக்குத் தேவைப்படவில்லை.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு முபாரிஸ் வந்தார். ஹில்மியைவிட ஒன்பது வயது மூத்தவர். வாப்பா மௌத்தான பிறகு குடும்பத்தை இழுத்தவர். ஹில்மியின் கணினி டிப்ளோமாவுக்கு வலையை விற்றவர். காலில் காய்ந்த சேறு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“இதில ஒப்பம் வெச்சா என்ன அர்த்தம்?”

“இந்தத் துண்டு ஒங்கட நண்டுண்டு அர்த்தம், நானா.”

“இல்ல. நான் அகதிண்டு அர்த்தம்.”

முபாரிஸ் படிவத்தைக் கையில் எடுத்தார்.

“எனக்குத் தெரியாதுண்டு நெனச்சியா? காலிப் பெட்டி திரும்பி வரக்குள்ள துண்டு ஒட்டித்தான் வருது. நாலு பிள்ளையள இஞ்ச பெத்து, ரெண்டக் கட்டிக் குடுத்து, வாப்பாவ இந்த மையவாடியில அடக்கியாச்சி. இன்னும் எத்தின வருஷம்டா?” குரல் உயரவில்லை. “இத ஆரு கொம்பியூட்டர்ல போட்டது?”

“நான்தான்.”

முபாரிஸ் அவனைப் பார்த்தார்.

“வேலைக்கி வந்து ரெண்டாவது கெழம. லெய்லாத்தா கொப்பிய வாசிச்சா, நான் அடிச்சேன்.”

“கை கூசல்லயா?”

“கூசிச்சி.”

“பொறகு?”

“அடிச்சேன்.”

முபாரிஸ் படிவத்தை மேசையில் வைத்தார். “பதிமூணு வருஷம் இதுக்குள்ள இரிக்காய். ஒரு நாள் மாத்தியிரிக்கலாம். நான் ஒப்பம் வெக்க மாட்டேன்.”

வெளியே லொறி பின்பக்கமாகக் குளிரறை வாசலுக்கு வரும் சத்தம் கேட்டது. மாற்றியிருக்கலாம் என்பது உண்மை. மாற்றுவதென்றால் யாரிடமாவது வாய் திறந்து சொல்லவேண்டும். சொன்னால் அந்தச் சொல் தனக்கும் ஒட்டும் என்று ஹில்மி பயந்திருந்தான். மாற்றவுமில்லை, காட்டவுமில்லை. ஒளித்துவைத்ததோடு சரி. வீட்டில் சேறு அள்ளும் பஸீனாவை நினைத்தான். இருநூறு பெண்களை நினைத்தான். அண்ணனிடம் இன்னொரு தடவை கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

தராசடியிலிருந்து லெய்லாத்தா எழுந்து வந்தார். பூர்வீகக் கல்பிட்டிக்காரி. கையில் பேனை.

“முபாரிஸ் ரெண்டு பேர், தம்பி. பதினெட்டு வருஷத்துக்கு முந்தி ஒங்கட போட்டும் வரத் தொடங்கினதும், பெட்டி மாறாம இரிக்கோணுமேண்டு எழுதினேன். எழுதினது நான்.”

“மத்த முபாரிஸுக்கு என்ன எழுதினீங்க?”

“ஒண்டும் எழுதல்ல. முபாரிஸ்ண்டு மட்டும்.”

“ஏன்?”

“அவரு இஞ்சத்தவரு. அவர எழுதத் தேவையில்லண்டு நெனச்சேன்.”

மன்னிப்பு என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. லெய்லாத்தா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நின்றபடியே எழுதினார்: ‘துண்டில் உள்ள பேரை வைத்து எழுதியவள் நான். அது இவருடைய பேர் அல்ல. இவருடைய பேர் முபாரிஸ். நண்டு இவருடையது.’ கீழே தன் முழுப் பேரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு ஒப்பம் வைத்தார்.

“இத ஏத்துக்குவாங்களா?” என்று கேட்டார் முபாரிஸ்.

ஹில்மி அன்ரனிப்பிள்ளைக்குப் போன் எடுத்தான். நேரம் பத்தேகால். விசயத்தைச் சொன்னான். சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.

“சேர், அந்த அட்டவணையக் கீற நான் மறக்கல்ல. விட்டேன்.”

“ஏன்?”

“என்ட நானாட பேர் அதில அப்பிடி இரிக்கி.”

“நீங்க எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“எப்பிடி சேர் சொல்றது?”

“அந்த அம்மாவின்ட கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. நான் கந்தோரில கதைக்கிறேன்.”

முக்கால் மணித்தியாலம் போனது. முபாரிஸ் வாசற்படியில் குந்தியிருந்தார். லெய்லாத்தா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. பதினொன்றுக்குப் பதில் வந்தது: எழுதியவரின் கடிதம் இணைத்திருந்தால் போதும், படகுக்காரர் அதன் கீழ் ஒப்பமிடட்டும்.

முபாரிஸ் கடிதத்தை ஒரு தடவை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு அதன் கீழே ஒப்பம் வைத்தார். படிவத்தைத் தொடவில்லை.

ஹில்மி அறுபத்தோராவது எண்ணை அடித்தான். லேபல்கள் எண்ணோடு வரத் தொடங்கின. லொறி பன்னிரண்டு இருபதுக்குப் போனது. யாரும் கை தட்டவில்லை. பெண்கள் றப்பர் சப்பாத்துகளில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை அன்ரனிப்பிள்ளை சொன்னபடி ஹில்மி படத்தைத் திருத்தினான். நாற்பத்து நான்காவது கட்டத்தை எல்லாவற்றுக்கும் கீழே கீறினான். அதற்கு ‘வழங்குநர் அறிபெயர்ப் பதிவேடு’ என்று கொழும்பு பேர் கொடுத்திருந்தது. அதிலிருந்து லேபலுக்கு ஓர் அம்பு, லேபலிலிருந்து சான்றிதழுக்கு, சான்றிதழிலிருந்து லொறிக்கு. மீட்புத் திட்டத்தில் முதலாவது வரிசை அதற்கு. பொறுப்பு என்ற இடத்தில் தன் பேரை எழுதினான். காரணம் சொல்லும் கடிதம் ஒன்றும் தலைமையகம் கேட்டிருந்தது. அதை எப்படித் தொடங்குவது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

அட்டவணையைப் புதிதாக அடித்துக்கொண்டு வந்தவன் முப்பத்தெட்டாவது வரியில் நின்றான். முதல் நிரல் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் லெய்லாத்தா துண்டும் பேனையுமாகக் காத்திருந்தார். நானாவின் பெட்டி அன்று காலை வந்திறங்கியிருந்தது.

போனை எடுத்தான்.

“நானா, ஒங்கள என்னண்டு போட?”

“கெணறு எறைக்கிறேன். சுருக்காச் சொல்லு.”

“துண்டில எழுதுற பேர். என்னண்டு போட?”

“முபாரிஸ்ண்டு போடு.”

“இன்னொரு முபாரிஸ் இரிக்காரே.”

அந்தப் பக்கம் வாளி கிணற்றுக் கட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

“அவருக்கு வேற பேரு தேடு,” என்றார் முபாரிஸ்.